ஃப்ரீடம்: எல்லா இடத்திலும் ‘ஹுர்ரிய்யா’ போடலாமா?

கீழக்கரை_மாணவி

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். பெண்கள் அரபுக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் ஓர் ஆங்கிலக் கட்டுரையைக் கொடுத்து அரபியில் பெயர்த்து வரச் சொன்னார்கள். ஒரு பக்கம்தான். அதில் ஃப்ரீடம் என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. அகராதியைப் பார்த்தேன், ‘ஹுர்ரிய்யா’ என்று இருந்தது. ஐந்திலும் அதையே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

தாள் திரும்பி வந்தபோது மூன்று இடத்தில் சிவப்பு மையில் வட்டம். ஓரத்தில் ‘யோசித்துப் பார்’ என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

பேச்சுச் சுதந்திரம் மனித உரிமை என்று ஒரு வாக்கியம், அடிமைப் பெண் ஒருத்தி தன் சுதந்திரத்தைப் பெற்றாள் என்று ஒரு வாக்கியம். இந்த இரண்டிலும் வட்டம் இல்லை. இந்தியா 1947-இல் சுதந்திரம் அடைந்தது, பசியிலிருந்து சுதந்திரம் வேண்டும், அவள் மேடையில் மிகுந்த சுதந்திரத்தோடு பேசினாள். இந்த மூன்றிலும் வட்டம். ஆங்கிலத்தில் ஐந்தும் ஒரே சொல். தமிழிலும் ஏறக்குறைய ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிவிடலாம். அரபியில் மட்டும் ஏன் முடியவில்லை?

தோஹா_தட்டச்சு

தங்கச்சி, பதினான்கு வருடமாக இங்கே டைப்பிங் சென்டரில் ஆங்கிலம், அரபி, தமிழ் மூன்றையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தச் சொல்லில் நானும் பலமுறை இடறியிருக்கிறேன். கடைசியில் ஒரு வழி பழகிக்கொண்டேன்: அந்த வாக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் எது என்று கேட்டுப் பார்ப்பேன்.

எதிர்ச்சொல் அடிமைத்தனம் என்றால் ஹுர்ரிய்யா. எதிரில் இருப்பது அந்நிய ஆட்சி என்றால் இஸ்திக்லால். உங்கள் 1947 வாக்கியத்துக்கு அதுதான். இந்தியத் தூதரகத்தின் ஆகஸ்ட் 15 அழைப்பிதழ் அரபியில் வந்தாலும் ‘யவ்முல் இஸ்திக்லால்’ என்றுதான் இருக்கும். சிறையிலிருந்து விடுவித்தால் ‘இத்லாக் ஸராஹ்’. காசு வாங்காமல் கொடுத்தால் ‘மஜ்ஜானன்’. சர்க்கரை இல்லாத பானம் என்றால் ‘காலின் மினஸ் ஸுக்கர்’, அதாவது சர்க்கரை காலியாக இருப்பது. வேலை இல்லாமல் சும்மா இருந்தால் ‘ஃபாளி’, அதுவும் காலி என்பதுதான். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றையும் ஃப்ரீ என்ற ஒரே சின்னச் சொல் சுமக்கிறது.

ஆனால் துபாயின் ஜெபல் அலி ஃப்ரீ ஸோன் மட்டும் ‘மின்தகா ஹுர்ரா’. சுங்கத்தின் பிடி அங்கே இல்லை என்பதால் இடத்துக்கே ஹுர் பட்டம் வந்துவிட்டது.

பசி வாக்கியத்துக்கு எனக்கும் ஹுர்ரிய்யா ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, காதுக்கு ஒட்டவில்லை.

வேர்ச்சொல்_ஆர்வலன்

அருமையான கேள்வி. ஹுர் என்பதன் வேர் ஹ-ர்-ர். அதே வேரிலிருந்து ‘ஹர்ர்’ என்றால் வெப்பம், ‘ஹராரா’ என்றால் சூடு. சூடான இரத்தம் உள்ளவன், அடங்காதவன், அவனே சுதந்திரன். இப்படித்தான் பொருள் வளர்ந்திருக்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் கதையும் அழகானது. ஃப்ரீ, ஃப்ரெண்ட் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. அன்பு செய்தல் என்ற பழைய வேர் அது. வடமொழியில் அது ‘ப்ரிய’. நாம் தினம் சொல்லும் பிரியம் இருக்கிறதே, அதற்கும் ஃப்ரீக்கும் ஒரே பாட்டி! வீட்டில் பிரியத்துக்குரியவர்கள் ஒரு பக்கம், அடிமைகள் மறுபக்கம். லத்தீனிலும் லிபர் என்றால் சுதந்திரன், லிபெரி என்றால் வீட்டுப் பிள்ளைகள். லிபர்ட்டி அதிலிருந்து வந்ததுதான்.

பழைய_கிதாபு

ஆர்வலன் தம்பி, ஆங்கிலம், லத்தீன் பற்றிச் சொன்னது சரி. வெப்பத்தை இதில் கொண்டுவந்தது சரியில்லை. எழுத்து ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றிலிருந்து பிறந்ததாக ஆகிவிடாது. வேர்களை ஆராய்ந்த இப்னு ஃபாரிஸ், கி.பி. 1004-இல் மறைந்தவர், இந்த வேருக்கு இரண்டு தனித்தனி மூலங்கள் உண்டு என்று பிரித்தே எழுதியிருக்கிறார். ஒன்று, அடிமைத்தனத்துக்கு மாறானது, குறையும் பழுதும் இல்லாதது. மற்றது, குளிர்ச்சிக்கு மாறானது. பாருங்கள், அவரும் எதிர்ச்சொல்லை வைத்துத்தான் பொருள் சொல்கிறார். தோஹா தம்பி பழகிக்கொண்ட வழி ஆயிரம் வருடம் பழையது.

‘குறையும் பழுதும் இல்லாதது’ என்ற பகுதியை இந்தப் பெண்பிள்ளை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய அரபியில் ஹுர் என்றால் அடிமையல்லாதவன் என்பதோடு, எந்தப் பொருளிலும் சிறந்தது, கலப்பில்லாதது என்றும் பொருள். மணல் கலக்காத நல்ல களிமண்ணுக்குக்கூட ஹுர் உண்டு. ‘அடிமைக்குத் தடி, ஹுர்ருக்குச் சைகை போதும்’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. நாம் நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்போமே, அதன் பக்கத்தில் வைக்கலாம். அங்கே ஹுர் என்பது மானமுள்ளவன்.

‘தஹ்ரீர்’ என்ற சொல்லுக்கு விடுவித்தல் என்றும் பொருள், எழுத்தைச் செப்பனிடுதல் என்றும் பொருள். பத்திரிகை ஆசிரியர் ‘ரயீஸுத் தஹ்ரீர்’. ஓர் அடிமையை விடுவிப்பதற்கும் ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று என் மாணவர்கள் கேட்பார்கள். பழுதிலிருந்து நீக்குவது என்று வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். குர்ஆனில் அடிமையை உரிமை விடுவதற்கு ‘தஹ்ரீரு ரகபா’ என்று வருகிறது, கழுத்தை விடுவித்தல். மர்யமின் தாய் வயிற்றுப் பிள்ளையை நேர்ந்துகொள்ளும் இடத்தில் ‘முஹர்ரரன்’ என்று வருகிறது. உலக வேலைகளிலிருந்து நீக்கி, உனக்கென்றே விட்டேன் என்பது பொருள்.

இன்னும் சொல்ல இருக்கிறது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு வருகிறேன்.

தோஹா_தட்டச்சு

ஹழ்ரத், நீங்கள் ‘சிறந்தது’ என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. இங்கே பருந்து வளர்ப்பவர்களிடம் மிகவும் மதிப்புள்ள வல்லூறு ‘ஸக்ர் ஹுர்’. காலில் தோல்வார் கட்டி, கண்ணை மூடிக் கையில் உட்கார வைத்திருப்பார்கள். கட்டிவைத்த பறவைக்கு ஏன் ஹுர் என்று பெயர் என்று வந்த புதிதில் குழம்பினேன். பதினான்கு வருடம் கழித்து இன்றுதான் புரிகிறது. அது உயர்ந்த சாதிப் பறவை என்ற பொருளில் வந்த பெயர்.

பழைய_கிதாபு

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கேள்விக்கு நேர் பதில் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

1798 ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். கையோடு அரபி அச்சுக்கூடமும் கொண்டுவந்திருந்தான். எகிப்து மக்களுக்கு அரபியில் ஓர் அறிவிப்பு அடித்துக் கொடுத்தான். ‘ஹுர்ரிய்யா, தஸ்வியா ஆகியவற்றின் மீது கட்டப்பட்ட பிரெஞ்சு ஜும்ஹூரின் (குடியரசின்) சார்பில்’ என்று அதன் தொடக்கத்தில் வருகிறது. லிபர்ட்டே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஹுர்ரிய்யாவும் சமத்துவத்துக்குத் தஸ்வியாவும் போட்டிருந்தார்கள். கெய்ரோவில் இருந்த வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தி அதை வரிவரியாகப் பிரித்து எழுதினார். ஹுர்ரிய்யா என்ற இடத்துக்கு அவர் கொடுத்த விளக்கம் இதுதான்: தாங்கள் மம்லூக்குகளைப் போல அடிமைகள் இல்லை என்கிறார்கள்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் விலைக்கு வாங்கிவரப்பட்ட அடிமைப் படைவீரர் வழி வந்தவர்கள். கெய்ரோவில் அடிமைச் சந்தை இருந்தது. ஹுர் என்ற சொல் தெருவில் தினமும் புழங்கிய சட்டச் சொல். இவன் ஹுர், இவன் அப்து, அதாவது அடிமை. யார் சாட்சி சொல்லலாம், யாருக்கு எவ்வளவு தண்டனை என்பதெல்லாம் அதை வைத்துத்தான். அரபு நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது துனிசில் 1846, கத்தாரில் 1952, சவூதியில் 1962. அன்றைய வாசகன் ஹுர்ரிய்யா என்று படித்தால் அவனுக்குச் சந்தைதான் நினைவுக்கு வரும். தேர்தலோ பத்திரிகையோ அங்கே எங்கிருந்து வரும்?

அடுத்து வருபவர் ரிஃபாஆ அத்-தஹ்தாவி. மேல் எகிப்தின் தஹ்தா ஊரில் 1801-இல் பிறந்தவர், கெய்ரோவின் அஸ்ஹர் கல்விக்கூடத்தில் ஓதியவர். அன்று எகிப்தை ஆண்ட முஹம்மது அலீ பாஷா பாரிசுக்கு அனுப்பிய மாணவர்களுக்குத் தொழவைக்கும் இமாமாகக் கூடப் போனார். 1826 முதல் 1831 வரை அங்கே இருந்தார். தொழவைக்கப் போனவர் அந்தக் கூட்டத்திலேயே நன்றாகப் படித்தவராகத் திரும்பினார். பாரிஸ் பற்றிய அவருடைய நூல் 1834-இல் அச்சானது. அதில் பிரெஞ்சு அரசியல் சாசனத்தை அரபியில் பெயர்த்துக் கொடுத்துவிட்டு ஒரு வாக்கியம் எழுதுகிறார். நான் மாணவர்களுக்கு இதை மனப்பாடம் செய்யச் சொல்வேன்: அவர்கள் ஹுர்ரிய்யா என்று பெயரிட்டு விரும்புவது எதுவோ, அதுவேதான் நம்மிடத்தில் அத்ல் என்றும் இன்ஸாஃப் என்றும் சொல்லப்படுவது.

அத்ல் என்றால் நீதி. இன்ஸாஃப் என்றால் நேர்மையாகப் பங்கிடுதல், பாதிக்குப் பாதி என்ற வேரிலிருந்து வந்தது. காரணமும் சொல்கிறார். சட்டத்தின் முன் எல்லோரும் சமம், ஆள்பவர் யாருக்கும் அநியாயம் செய்ய முடியாது, சட்டம்தான் தீர்ப்புச் சொல்லும். நம் நூல்களில் இதற்குப் பெயர் அத்ல் தானே என்கிறார்.

எதிர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். பாரிஸ் மக்கள் எதை வெறுத்தார்கள்? மன்னனின் கொடுங்கோன்மையை. கொடுங்கோன்மைக்கு அரபியில் ளுல்ம். ளுல்முக்கு எதிர்ச்சொல் அத்ல். தஹ்தாவி சொல்லுக்குச் சொல் தேடியிருந்தால் ஹுர்ரிய்யாவோடு நின்றிருப்பார். அவர் அந்தச் சொல்லுக்கு எதிரே நின்றது எது என்று பார்த்தார்.

கீழக்கரை_மாணவி

ஹழ்ரத், ஜஸாக்கல்லாஹ். வகுப்பில் தஹ்தாவியின் பெயரை மட்டும் கேட்டிருக்கிறேன். அப்படியானால் ஹுர்ரிய்யா என்று போட்டதே தவறு, அத்ல் என்று போட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா? ஆனால் என் தாளில் பேச்சுச் சுதந்திர வாக்கியத்துக்கு வட்டமே இல்லையே.

தோஹா_தட்டச்சு

இங்கே ஹழ்ரத்தோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். மரியாதையோடுதான்.

நீதி என்பது நல்ல ராஜா கொடுப்பது. அவர் மனம் மாறினால் போய்விடும். சுதந்திரம் என்பது ராஜா நல்லவரோ கெட்டவரோ, என் கையில் இருப்பது. தஹ்தாவி இரண்டையும் ஒன்று என்று சொன்னபோது படிப்பவனுக்குப் புரியும்படி ஆயிற்று, அது உண்மை. ஆனால் அந்தச் சொல்லின் முள்ளும் போயிற்று.

2011-இல் கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்தில் என்ன கோஷம் போட்டார்கள்? ‘அய்ஷ், ஹுர்ரிய்யா, அதாலா இஜ்திமாயிய்யா’. ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி. இரண்டும் ஒன்றுதான் என்றால் ஏன் இரண்டையும் கத்த வேண்டும்? அப்போது என் அறையில் ஓர் எகிப்துக்காரர் இருந்தார். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே அதைக் கூடக் கூடச் சொன்னார். இந்த மூன்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டும் நிற்காது என்றார். அய்ஷ் என்பது எகிப்தில் ரொட்டி, மற்ற இடத்தில் வாழ்க்கை. அந்த ஒரு சொல்லையே என்னால் தமிழில் சரியாகக் கொண்டுவர முடியாது.

பழைய_கிதாபு

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தஹ்தாவி அதை அறியாதவர் அல்லர் என்பதை மட்டும் சேர்க்கிறேன். 1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் எழுந்து மன்னனை விரட்டியபோது அவர் அங்கேதான் இருந்தார், அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். நாற்பது வருடம் கழித்து, வாழ்வின் கடைசிக் காலத்தில் எழுதிய நூலில் ஹுர்ரிய்யாவையே எடுத்து ஐந்தாகப் பிரிக்கிறார்: இயற்கையானது, நடத்தை சார்ந்தது, மதம் சார்ந்தது, குடிமை சார்ந்தது, அரசியல் சார்ந்தது. அதற்குள் அந்தச் சொல் வளர்ந்துவிட்டது. பக்கத்தில் அத்லைக் கைத்தடியாக வைக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

ஆகவே பெண்பிள்ளைக்குப் பதில்: 1834-க்கு அந்த விளக்கம் தேவைப்பட்டது. இன்று ‘ஹுர்ரிய்யத்துத் தஃபீர்’ என்றால் எந்த அரபிக்கும் கருத்துச் சுதந்திரம் என்று புரியும். அதனால் உங்களுக்கு அங்கே வட்டம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1072-இல் மறைந்த சூஃபி அறிஞர் குஷைரி, ஹுர்ரிய்யாவுக்கென்றே ஒரு பாடம் எழுதியிருக்கிறார். படைப்புகள் எதற்கும் அடிமையாக இல்லாமல் இருப்பதே ஹுர்ரிய்யா, அது இறைவனுக்கு முழு அடிமையாக இருப்பதில்தான் கிடைக்கும் என்கிறார். என் பெயரிலேயே அப்துல் இருக்கிறது. எனக்கு இது வெறும் அகராதி விஷயமாக இருந்ததே இல்லை.

குவைத்_ஓட்டுநர்

நான் பெரிய படிப்பு படிக்காதவன். இங்கே வண்டி ஓட்டுகிறேன். படித்துக்கொண்டு வந்தேன், ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நான் வந்தது ‘ஃப்ரீ விசா’வில். அரபியில் ‘ஃபீஸா ஹுர்ரா’ என்பார்கள். ஊரில் ஏஜென்ட் சொன்னான், எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று. அம்மாவின் நகையை வைத்து, வட்டிக்கு வாங்கி, பணம் கட்டினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு விசா சட்டத்திலேயே கிடையாது. காகிதத்தில் ஒருவர் எனக்கு கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பாளி. அவரிடம் எனக்கு வேலை இல்லை. வருடா வருடம் அவருக்குப் பணம் கட்ட வேண்டும். வெளியே வேலை பார்த்தால் பிடிப்பார்கள். பாஸ்போர்ட் அவர் கையில். என் அப்பா இறந்தபோது ஊருக்குப் போக எட்டு நாள் கெஞ்சினேன். போய்ச் சேரும்போது மூன்றாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது.

ஹுர்ரா என்ற சொல்லை முதன்முதலில் நான் கற்றது அந்த விசாவில்தான். அடிமைக்கு எதிர்ச்சொல் என்று ஹழ்ரத் எழுதியதைப் படித்தபோது கொஞ்ச நேரம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

இப்போது நல்ல இடத்தில் வேலை, கஷ்டம் இல்லை. தங்கச்சி, உங்கள் பசி வாக்கியத்துக்கு நல்ல சொல் கிடைத்தால் இங்கே எழுதுங்கள். தெரிந்துகொள்கிறேன்.

பழைய_கிதாபு

தம்பி, உங்கள் தந்தையின் மறுமைக்காக துஆ செய்தேன்.

எகிப்தின் ஆளுநர் அம்ரு பின் ஆஸுடைய மகன் ஓர் எகிப்தியரை அடித்துவிட்டான் என்று கலீஃபா உமரிடம் முறையீடு வந்தது என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உமர் கேட்டதாக வருவது: தாய்மார்கள் அஹ்ராராகப் பெற்றெடுத்த மக்களை நீங்கள் எப்போது அடிமையாக்கினீர்கள்? அஹ்ரார் என்பது ஹுர் என்பதன் பன்மை. 1948-இன் மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு அரபியில் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ‘யூலது ஜமீஉன் னாஸி அஹ்ராரன்’. மனிதர் அனைவரும் அஹ்ராராகப் பிறக்கிறார்கள். அரபி வாசகர் காதில் அந்தப் பழைய கேள்வியும் சேர்ந்தே ஒலிக்கும்.

தூத்துக்குடி_மேசை

ஓட்டுநர் அண்ணனின் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை.

நான் விவிலிய மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் படிப்பவள். தமிழில் ஒரே சொல் போதும் என்று மாணவி எழுதியிருந்தார். அங்கே மட்டும் ஒரு தயக்கம். பழைய தமிழ் விவிலியத்தில் ‘பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள்’ என்று வரும். சுதந்தரம் என்றால் அங்கே வாரிசாகக் கிடைக்கும் சொத்து. ஃப்ரீடம் வர வேண்டிய இடங்களில் விடுதலை, சுயாதீனம் என்று போட்டிருப்பார்கள். ‘அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை’ என்ற இடத்தில் 1865-இல் முடிந்த வான் டைக் அரபி விவிலியத்தில் அப்து, ஹுர் என்ற அதே ஜோடி நிற்கிறது. சத்தியம் உங்களை விடுதலையாக்கும் என்ற இடத்தில் ‘யுஹர்ரிருகும்’.

விவிலியத்தில் மட்டுமில்லை. எங்கள் தாத்தா காலத்தில் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது வெட்டியான், நீர்க்கட்டி, தச்சர், வண்ணார் எல்லோருக்கும் உரிய பங்குக்குப் பெயரே சுதந்திரம்தான். பழைய மிராசுக் கணக்குகளிலும் அப்படித்தான் இருக்கும். கேட்டு வாங்குகிற பிச்சையில்லை அது, உரிய பங்கு. தஹ்தாவி இன்ஸாஃப் என்று பங்கைச் சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்தக் களம்தான் நினைவுக்கு வந்தது.

விடுதலை வேறு சாதிச் சொல். அதில் விடுகிற ஒரு கை இருக்கிறது. பத்திர அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கை ஒருவர் விட்டுக்கொடுப்பது.

தோஹா_தட்டச்சு

அக்கா, அரபியிலும் விடுகிற கைக்குத் தனி வேர் இருக்கிறது: த-ல்-க். கைதியை விடுவது இத்லாக். மனைவியை விடுவது தலாக், நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. கட்டு ஏதும் இல்லாதது முத்லக். தடையில்லாமல் நாக்கு ஓடினால் ‘தலாகா’.

தங்கச்சி, மேடையில் பேசிய பெண்ணுக்கு இதுதான். ‘பி தலாகத்தின்’ பேசினாள். அவளை யாரும் அடிமைப்படுத்தியிருக்கவில்லை. நாக்கைக் கட்டவில்லை, அவ்வளவே.

ஈப்போ_மணியன்

மலேசியாவிலிருந்து. இங்கே ஆகஸ்ட் 31 வந்தால் நாடே மெர்டேக்கா என்று முழங்கும். 1957-இல் கிடைத்த சுதந்திரத்துக்குப் பெயர் அது. அரபியிலிருந்து எத்தனையோ சொற்களை எடுத்துக்கொண்ட மலாய், இதற்கு மட்டும் வடமொழிக்குப் போயிருக்கிறது. ‘மஹர்த்திக’, செல்வமும் செல்வாக்கும் உடையவர். டச்சுக்காரர் காலத்து பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) விடுவிக்கப்பட்ட அடிமைகளை மார்டைக்கர் என்றார்கள். அவர்களில் பலர் இந்தியக் கரைகளிலிருந்து, நம் சோழமண்டலக் கரையிலிருந்தும், கொண்டுபோகப்பட்டவர்களின் வழியினர். இங்கேயும் சொல் அடிமையிடம் வந்துதான் திரும்புகிறது.

ஜகார்த்தாவின் பெரிய பள்ளிவாசலுக்கு மட்டும் அரபிப் பெயர், இஸ்திக்லால். 1978-இல் திறந்தார்கள். வரைந்தவர் சிலாபான் என்ற கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ உச்சியின் பெயர் உஹுரு, 5,895 மீட்டர். ஹுர் என்ற அரபிச் சொல்தான் சுவாஹிலியில் முன்னால் ஓர் உகரம் வாங்கிக்கொண்டு அப்படி ஆயிற்று. சான்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873-இல். அந்தக் கரையில் ஹுர் என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு அதன் எதிர்ச்சொல்லை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இஸ்திக்லாலின் வேர்ப்பொருள் என்ன, ஹழ்ரத்?

பழைய_கிதாபு

‘இஸ்தகல்ல’ என்றால் தானே சுமந்துகொண்டான், தூக்கிக்கொண்டு எழுந்தான். பறவை மேலே எழும்பிப் பறப்பதற்கும் அதே வினை. வண்டியில், விமானத்தில் ஏறினான் என்பதற்கும் இன்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு நாடு தன் பாரத்தைத் தானே சுமந்து எழுவது. 1947 வாக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

கீழக்கரை_மாணவி

எல்லோருக்கும் நன்றி சொல்லி முடியாது. நேற்று இரவு உட்கார்ந்து மூன்று வாக்கியங்களையும் திரும்ப எழுதினேன். இந்தியா ‘இஸ்திக்லால்’ பெற்றது. அவள் ‘பி தலாகத்தின்’ பேசினாள். பசி வாக்கியத்துக்கு ஹழ்ரத் குறிப்பிட்ட மனித உரிமைப் பிரகடனத்தையே எடுத்து முழுதும் படித்தேன். முன்னுரையில் எனக்கு வேண்டியது அப்படியே இருந்தது. ஆங்கிலத்தில் பேச்சுக்கும் நம்பிக்கைக்கும் ஃப்ரீடம், அச்சத்திலிருந்தும் இல்லாமையிலிருந்தும் ஃப்ரீடம் என்று ஒரே சொல்லை இரண்டு முறை போட்டிருக்கிறார்கள். அரபியில் முதலாவதற்கு ‘ஹுர்ரிய்யத்தில் கவ்ல்’ என்று பெயர்ச்சொல். இரண்டாவது இடத்தில் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு வினையாக்கிவிட்டார்கள்: ‘யதஹர்ரரு மினல் ஃபஸஇ வல் ஃபாகா’. அச்சத்திலிருந்தும் வறுமையிலிருந்தும் விடுபடுகிறான்.

தோஹா காக்காவின் (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) காதுக்கு ஒட்டாததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பேச்சு நம்மிடம் இருக்கிற ஒன்று, அதைப் பெயராகச் சொல்லலாம். பசியிலிருந்து வெளியே வருவது நடக்க வேண்டிய ஒன்று, அதற்கு வினை வேண்டியிருக்கிறது. குவைத் காக்கா, உங்களுக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

ஆகவே நான் எழுதியது: ‘அத்-தஹ்ரீரு மினல் ஜூஃ’. சரிதானா ஹழ்ரத்?

பழைய_கிதாபு

மிகவும் நெருங்கிவிட்டீர்கள் மகளே. ஒரு திருத்தம். தஹ்ரீர் என்றால் இன்னொருவர் விடுவிப்பது. நீங்கள் எடுத்துக்காட்டிய பிரகடனத்தில் இருப்பது ‘யதஹர்ரரு’, அதன் பெயர் வடிவம் ‘தஹர்ருர்’, தானே விடுபடுவது. கட்டுரையில் பசியைப் போக்க வருவது யார் என்று பாருங்கள். ஓர் அரசோ ஒரு வள்ளலோ வந்து உணவளிக்கிறார் என்றால் தஹ்ரீர் நிற்கட்டும். அந்த மக்களே உழுது, விதைத்து, பசியிலிருந்து வெளியே வருகிறார்கள் என்றால் தஹர்ருர்.

கீழக்கரை_மாணவி

இப்போதுதான் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர்களே கிணறு வெட்டுகிறார்கள். தஹர்ருர் என்று மாற்றிவிட்டேன்.